சபேசன் சாருக்குத் தெரியாத வார்த்தை

அமெரிக்க மேல்படிப்புத் தேர்வுக்கு ஆங்கில வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கும் சபேசன் சார் வாயில் 'தெரியாது' என்பது மட்டும் வரவே வராது. நாளெல்லாம் ஆஸ்பத்திரி லேபில் நின்றுவிட்டு வந்த ஜெசிந்தா, அன்றைக்கும் அவர் வகுப்பில் தூங்கி விழுந்தாள்.

"நாளைக்குள்ள புத்தகம் முழுக்க மனப்பாடம் பண்ணு. இல்லேன்னா வகுப்புக்கே வராதே!" என்றார் சார்.

"யாரால சார் முடியும்?"

"என்னால முடிஞ்சிருக்கே! எனக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணு சொல்லு, உன்னை விட்டுடறேன்."

ஜெசிந்தா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். "ஜிராலன்ட்னா என்ன சார்?"

"ப்பூ! பிடிவாதக்காரனைச் சொல்றது. போன வருஷத் தேர்வுலகூட வந்துது. எல்லாரும் எழுதிக்குங்க."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஜெசிந்தா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"தலைவலி மாத்திரை சார். இந்த வகுப்புல சேர்ந்ததுலேருந்து போடறேன்."

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார்.