உப்புக்காரியின் ராசா

சேந்தன் மகாராஜாவுக்கு ஒரே பயம், சிம்மாசனத்தை எவனாவது தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று. "என்னைத் தவிர இன்னொருவனை ராஜா என்று சொன்னால் நாடு கடத்தல்!" என்று ஊரெங்கும் பறையடித்துச் சொல்லிவிட்டார். முதலில் மாட்டியவள் உப்பு விற்கும் வெள்ளச்சி.

"சந்தையில் எல்லார் காதிலும் விழும்படி, 'வாடா என் ராசா' என்றாள்," என்றார் அமைச்சர் அரிகண்டர்.

"யாரை?"

அமைச்சர் அவள் இடுப்பைக் காட்டினார். அங்கே ஒரு கைக்குழந்தை விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

"பெத்த பிள்ளையக் கொஞ்சினேன் சாமி," என்றாள் வெள்ளச்சி.

விகடகவி இளநாகனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசினால் மகாராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார். அதனால் பணிவாக எழுந்தான்.

"அமைச்சர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நாடு பிடிக்க வந்தவனை அம்மா இடுப்பிலேயே விட்டுவைக்கலாமா? தீர்ப்பு ஆகும்வரை கைதி அமைச்சர் காவலில் இருக்கட்டும்."

"அதுவும் நியாயம்தான்," என்றார் மகாராஜா.

குழந்தை கை மாறியது. அமைச்சரின் மீசையை ஒருமுறை பார்த்தது. வீறிட்டது.

"சும்மா இரு," என்றார் அமைச்சர். அது இருக்கவில்லை. முத்துமாலையைக் காட்டினார். மாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதது. தீர்ப்புச் சொல்ல வாயெடுத்த மகாராஜாவின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கண்ணே... தங்கமே..."

அழுகை கூடியது. அமைச்சரின் பட்டு வேட்டியும் நனைந்தது. அவர் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சபையைச் சுற்றி வந்தார்.

"அழாதடா... அழாதடா என் ராசா!"

அழுகை நின்றது.

"அமைச்சரே," என்றார் மகாராஜா, "என்ன சொன்னீர்?"

"வேறு எந்தப் பேருக்கும் அடங்கவில்லை, மகாராஜா."

இளநாகன் சிரிக்காமல் கேட்டான். "எல்லைக்கு வண்டி கட்டச் சொல்லட்டுமா? இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்களா, தனித்தனியாகவா?"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. ஆணை அங்கேயே ரத்தானது. வெள்ளச்சி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இளநாகனுக்கு ஒரு பட்டு வேட்டி பரிசு. அமைச்சருக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார் மகாராஜா. அவருக்குத்தான் அவசரம்.