கொடி பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, வயிற்றுக்குள் பிள்ளைக்கு ஊட்டும் நச்சுக்கொடிகூட வாய் திறந்து பேசும். அந்தப் பேச்சு தாய்க்கு மட்டும்தான் கேட்கும்.

கொடியின் வேலை லேசுப்பட்டதல்ல. உள்ளே சின்னதாக ஓர் அடுப்பை மூட்டி, தாயின் ரத்தத்தோடு வரும் காற்றில் அதை எரியவிட்டுப் பிள்ளையை வளர்க்க வேண்டும். அடுப்பென்றால் புகை இருக்கும். கொஞ்சம் புகையை எந்தத் தாயின் உடம்பும் தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்று சீராக வர, அவளுடைய ரத்தக்குழாய்களை முதல் மாதங்களிலேயே அகலமாக வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் குழாய் இறுகிப்போகும்.

சிலம்பாயி என்றொருத்தி வயிற்றில் உண்டான கொடிக்கு இளகிய மனசு. அந்த வேலைக்கு ஆகாத குணம் அது. வழக்கப்படி, வெட்டலாமா என்று முதலில் அவளிடம் கேட்டது. இரண்டு கரு தங்காமல் போன பயத்தில் இருந்த சிலம்பாயி, பார்த்து வெட்டு, எனக்குத் தாங்காது என்று கெஞ்சினாள். பாவமே என்று கொடி பாதி வெட்டோடு நிறுத்திக்கொண்டது.

ஆறு மாதம்வரை ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை வளர வளரப் பசியும் வளர்ந்தது. ஒடுங்கிய குழாயில் காற்று நின்று நின்று குபீரென்று வந்தது. வரும்போதெல்லாம் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. கொடி தன் உடம்பாலேயே அணைக்கப் பார்த்து வெந்துபோனது. புகை சிலம்பாயியின் உடம்பெங்கும் பரவியது. கால் வீங்கி மெட்டியைக் கழற்ற முடியவில்லை. தலை பிளந்தது. எதிரே நின்ற புருஷன் முகம் மங்கியது. ஏழாம் மாதம் வலிப்பு வந்து கையும் காலும் வெட்டி இழுத்தன.

மருத்துவச்சி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "கொடி உள்ள இருக்கிற வரைக்கும் இவ பொழைக்க மாட்டா" என்றாள்.

கொடிக்கு அது கேட்டது. பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு இன்னும் நாலு நாள் கிடைக்கும், ஆனால் தாய் போய்விடுவாள். அழுதபடியே பிடியை விட்டது.

இரண்டு கைக்குள் அடங்கும் பிள்ளை வந்தது. அது அழவில்லை. பின்னாலேயே கொடியும் வந்து விழுந்தது. வெகுநேரம் கழித்துக் கண் திறந்த சிலம்பாயி, யாரையும் கேட்காமல் கொடியைத்தான் கேட்டாள்.

"எம்புள்ள அழுதுச்சா?"

"அழுதான் ஆத்தா. நல்லா சத்தமா அழுதான்."

அதற்குமேல் அந்தக் கொடி பேசவில்லை.

அன்று முதல்தான் எந்தக் கொடியும் தாயிடம் வாய் திறப்பதில்லை. கரு தங்கியது அவளுக்கே தெரியுமுன், சொல்லாமல் கொள்ளாமல் வெட்டத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை வந்ததும் பின்னாலேயே வந்து செத்துப்போகிறது. ஆனாலும் எங்கோ ஒரு கொடிக்கு அந்தப் பழைய இரக்கம் இன்னும் வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் ஒருத்திக்குக் கால் வீங்குகிறது.