வசவு அகராதியின் ஐந்தாவது பிரதி

கரட்டுமலை ஆசிரமத்தில் குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தேழு. அதனால் தவமணி அம்மையாரைப் பார்க்க மலையேறும் நாளெல்லாம் மாசிலாமணி முதலில் மூச்சு வாங்குவார், பிறகுதான் வணங்குவார்.

மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தவர் அவர். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் வாங்கிய வசவுகளை ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தார். ஓய்வு பெற்றபின் அவற்றை அகரவரிசையில் அடுக்கிக் கணினியில் ஏற்றினார். நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். அது அழிந்துபோனால், அத்தனை திட்டு வாங்கியதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும் என்பது அவர் கவலை.

அன்று மஞ்சள் பையோடு வந்தார்.

"அம்மா, கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். படுபாவி, எல்லாத்தையும் துடைச்சுப் புதுசு மாதிரி ஆக்கிட்டான். நல்லவேளை, நாலு பிரதி எடுத்து வச்சிருந்தேன். இதுல எது நிலைக்கும்னு நீங்கதான் சொல்லணும்."

"படுபாவி அகராதியில இருக்கா?"

"இருக்கும்மா, ப வரிசையில."

"சரி, ஒவ்வொண்ணா எடுங்க."

ஹார்டு டிஸ்க்கை எடுத்தார். "இதுல நிறையக் கொள்ளும், விலையும் சல்லிசு. உள்ளே ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். கீழே போட்டா போச்சு."

எஸ்.எஸ்.டி.யை எடுத்தார். "இதுல சுத்துறது எதுவும் இல்ல. விழுந்தாலும் தாங்கும், கேட்ட மாத்திரத்துல தரும். ஆனா கரண்ட் காட்டாம வருஷக்கணக்காப் பெட்டியில போட்டா மெல்ல மறந்துடுமாம்."

பென் டிரைவ். "கையடக்கம். அதனாலேயே தொலையும். ரெண்டு தடவை சட்டையோட சேர்த்துத் துவைச்சாச்சு."

சிடி. "கீறல் விழாம இருந்தா இருக்கும். போட்டுப் பார்க்க இப்போ வர்ற கம்ப்யூட்டர்லதான் இடம் இல்ல."

"மேகத்துல வைக்கிறாங்களாமே?"

"அது ஆகாசத்துல இல்லம்மா. எங்கேயோ, எவனோட கம்ப்யூட்டர்லயோ. பாஸ்வேர்டு மறந்தா நம்மையே யாருன்னு கேட்கும்."

அம்மையார் தலையசைத்தார். "இந்த நாலையும் எங்கே வைப்பீங்க?"

"பிரிய விடுவேனா? எப்பவும் ஒண்ணா, இதே பையிலதான்."

"பையை அந்தச் சுவர்மேல வச்சிட்டு வாங்க. கஞ்சி ஆறுது."

"அங்கே குரங்கு..."

"வைங்க."

வைத்தார். இரண்டு வாய் குடிப்பதற்குள் குரங்கு வந்தது. ஹார்டு டிஸ்க்கைக் கடித்துப் பார்த்துப் பாறையில் எறிந்தது. எஸ்.எஸ்.டி. பள்ளத்தில் போய் விழுந்தது. அங்கே எங்கேயோ பத்திரமாகத்தான் கிடக்கும். பென் டிரைவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டது. சிடியில் தன் முகத்தைப் பார்த்தது. பிறகு அதை விட மனமில்லாமல் மரத்தின் உச்சிக்கே போய்விட்டது.

மாசிலாமணி குரங்கைத் திட்ட வாயைத் திறந்தார். நாலாயிரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

"நீங்க வைக்கச் சொன்னீங்களேம்மா," என்றார் கடைசியில்.

"ஆமாம்."

படியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. அம்மையார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன தைப்பூசத்துக்கு, அகராதி முடிஞ்சுதுன்னு எனக்கு ஒரு மெமரி கார்டு கொடுத்தீங்க."

மாசிலாமணி சட்டென்று நிமிர்ந்தார். "இருக்கா?"

"சடகோபன்கிட்ட அனுப்பிட்டேன்."

சடகோபன் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஒரு காலத்தில் இவருக்கு உயிர்த் தோழர். 'கட்டையில போவான்' என்பது வசவா, தாய்மார் பிள்ளையைக் கொஞ்சும் சொல்லா என்று ஒரு நாள் வாக்குவாதம் தொடங்கியது. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

"அவன்கிட்டயா! அன்னைக்கே அழிச்சிருப்பான்."

"அழிக்கல. குத்தம் கண்டுபிடிக்கத் தினமும் திறந்து பார்க்கிறார். நாளைக்கு நீங்க அப்படி எழுதவே இல்லைன்னு சாதிச்சா காட்டணுமாம். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு பிரதி, திருச்சியில மகள்கிட்ட ஒரு பிரதி வச்சிருக்கார். இதுவரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு தப்பாம்."

"இருநூத்திப் பன்னெண்டா!"

மாசிலாமணி துள்ளி எழுந்தார். விறுவிறுவென்று நாலு படி இறங்கினார். ஐந்தாவது படியில் நின்றுவிட்டார்.

"எந்த முகத்தோடம்மா போய்க் கேட்கிறது? வாசல்லயே நிக்க வச்சுத் திட்டுவான்."

அம்மையார் உள்ளே போய் ஒரு பென்சிலும் நாலாய் மடித்த தாளும் எடுத்துவந்து அவர் சட்டைப்பையில் செருகினார்.

"அகராதியில இல்லாததா இருந்தா குறிச்சுக்கோங்க."