வார்டன் பையில் ரிமோட்

எங்கள் ஹாஸ்டலில் நாலு அரியர் வைத்திருந்த ஒரே ஆள் நான். வெளிநாட்டு கால்குலேட்டர் வைத்திருந்த ஒரே ஆளும் நான்தான். சிங்கப்பூர் மாமா அனுப்பியது. டிவி ரிமோட்டில் இருப்பது போலவே அதன் தலையிலும் ஒரு இன்ஃப்ராரெட் கண் உண்டு. வார்டன் தெய்வசிகாமணி ஒருமுறை தொலைத்த டிவி ரிமோட்டை நான்தான் தேடிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், அதன் சிக்னலை கால்குலேட்டரில் ஏற்றிவிட்டேன்.

கிரிக்கெட் ஃபைனல் அன்று வார்டன் எங்களையெல்லாம் டிவி முன்னால் உட்கார வைத்தார், லோக்கல் சேனலில் அவருடைய பேட்டியைப் பார்க்க!

“ரிமோட்டு என் பைக்குள்ள இருக்கு. முடிஞ்சா மாத்துங்கடா! மாத்துறவனுக்கே ரிமோட்டு!”

கையிலிருந்த கால்குலேட்டரில் பட்டனை அமுக்கினேன். திரையில் வார்டன் போய் மேட்ச் வந்தது. எல்லோர் பையையும் சோதித்தவர், என்னிடம் வந்ததும் நெகிழ்ந்துவிட்டார்.

“இவனப் பாருங்கடா! நாளைக்குப் பரீட்சைன்னு இப்பவும் கணக்கு போடுறான்.”

“சார், மாத்துனது நான்தான்” என்று அவர் முகத்தைத் திரையில் திரும்ப வரவழைத்து, மறுபடி அனுப்பியும் காட்டினேன். பையிலிருந்து ரிமோட்டை எடுத்து நீட்டினார். பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

மறுநாள் பரீட்சை ஹாலில் முதல் கணக்கைத் தட்டிவிட்டு, சமக்குறியைத் தேடினேன். எண்களை முதலில் தட்டி, கூட்டல் கழித்தல் குறியைக் கடைசியில் தட்டும் அந்த மாடலில் அப்படியொரு பட்டனே கிடையாதாம். ஆறு மாதமாக அதைக் கையில் வைத்திருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.