டி டிரைவாக ஆசைப்பட்ட டிஸ்க்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்குகளுக்கு வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? யார் எந்த எழுத்தில் உட்காருவது என்பதுதான் பொழுதன்னைக்கும் பேச்சு. ஏ, பி இரண்டும் செத்துப்போன பழைய பிளாப்பி டிஸ்க்குகளின் நாற்காலிகள். அவற்றில் யாரும் உட்காருவதில்லை. சி டிரைவ், கம்ப்யூட்டரை நடத்தும் மென்பொருளான சிஸ்டத்துக்கு. அடுத்து டி, அதற்கும் அடுத்து இ. யாருக்கு எந்த எழுத்து என்பதை சிஸ்டம் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கும். டிஸ்க்கின் உடம்பில் அது எழுதியிருக்காது.

அருப்புக்கோட்டையில் தெய்வக்கனி என்ற பெண் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் டி டிரைவாக இருந்தது ஒரு சின்ன டிஸ்க். உள்ளே வேண்டாத குப்பை. இ டிரைவாக இருந்தது பெரிய டிஸ்க். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று பன்னிரண்டு வருஷத்துப் போட்டோக்கள் அதற்குள் இருந்தன. அந்தத் திமிரும் இருந்தது.

"இம்புட்டுப் பேரைச் சுமக்குறேன், எனக்குக் கடைசி எடம். குப்பையைச் சுமக்குறவனுக்கு சிஸ்டத்துக்குப் பக்கத்து எடமா?" என்று அது புலம்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மூக்கையா என்ற பெரியவர் கடைக்கு வந்தார். மனைவி வெள்ளையம்மாள் இறந்து பதினாலு நாள் ஆகியிருந்தது.

"நாளைக்கழிச்சுப் பதினாறாம் நாள் காரியம் தாயி. வீட்ல இருந்த அவ ஒரே படமும் மழைல ஊறிப்போச்சு. பேரன் காதுகுத்து பேனருக்கு அவ படத்தை ஒங்ககிட்ட குடுத்தமே, அது இருக்குமா?"

"இ டிரைவ்ல பத்திரமா இருக்குங்கய்யா. சாயங்காலம் வாங்க."

அவர் போனதும் தெய்வக்கனி கம்ப்யூட்டரைப் போட்டார். சிஸ்டம் ஏறவே இல்லை. மெக்கானிக் ஜெயசிங்கைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, "புது சிஸ்டம் போட்டாத்தான் ஆகும்க்கா" என்றார்.

"போடுங்க தம்பி. டி டிரைவ்ல குப்பைதான், அதையும் ஃபார்மேட் அடிச்சு மொத்தமா அழிச்சிருங்க. இ டிரைவை மட்டும் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு தெய்வக்கனி சாப்பிடப் போனார்.

பழைய சிஸ்டம் அழிந்தபோது அதன் நோட்டும் சேர்ந்து போனது. புதிதாக வந்த சிஸ்டத்துக்கு, மாற்றலாகி வந்த அதிகாரியைப் போல, யாரையும் தெரியாது. "எனக்கு அடுத்து யாருப்பா?" என்று கேட்டது.

பெரிய டிஸ்க் முந்திக்கொண்டு, "நான்தான்" என்றது. சின்னது, "இருந்துட்டுப் போ" என்று ஒதுங்கிக்கொண்டது. பெரியது டி, சின்னது இ என்று சிஸ்டம் எழுதிக்கொண்டது.

ஜெயசிங் டி டிரைவை ஃபார்மேட் அடிக்கப் போனார். பெரிய டிஸ்க்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, நான் இ டிரைவ்ணே" என்று கதறியது.

"இல்லண்ணே, நான்தான் இ" என்றது சின்னது. அதற்கும் உயிர்ப்பயம் இருக்காதா? ஒரு வகையில் இரண்டும் சொன்னது உண்மைதான்.

ஜெயசிங் சிஸ்டத்தைக் கேட்டார். "பெரியவர்தான் டி. அவரே கேட்டு வாங்குனது" என்றது அது.

"குப்பைக்கு என்ன இவ்வளவு பேச்சு?" என்று சொல்லி ஜெயசிங் பட்டனைத் தட்டினார். பெரிய டிஸ்க்கின் பேச்சு குழறி, கடைசியில் டக், டக் என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்த பயத்தில் சின்னதுக்கும் வாய் அடைத்துப்போனது.

சாயங்காலம் மூக்கையா வந்து நின்றார். தெய்வக்கனி இ டிரைவைத் திறந்தார், குப்பை. டி டிரைவைத் திறந்தார், ஒன்றுமே இல்லை. "போயிருச்சுய்யா" என்றார்.

"அவ மூஞ்சிய நீங்களாச்சும் வச்சிருப்பீகன்னு நெனச்சேன் தாயி" என்றார் மூக்கையா. கண்ணீர் அஞ்சலி பேனரில் வெள்ளையம்மாள் என்ற பேரும், படம் வர வேண்டிய இடத்தில் ஒரு விளக்கும் அச்சாயின.

அன்று முதல்தான், புது சிஸ்டம் வரும்போதெல்லாம் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தாலும் எந்த டிஸ்க்கும் வாய் திறப்பதில்லை. மெக்கானிக்குகளும் எழுத்தை நம்பாமல், உள்ளே யார் முகம் இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட்டில் கை வைக்கிறார்கள்.