ஆள்காட்டி வாய்மூடி இருந்த சபை

அந்தக் காலத்தில் காட்டில் வாயுள்ளதெல்லாம் பேசும். ஆனால் ஆள்காட்டிக் குருவி மட்டும் அதிகம் பேசாது. அதைப் போல் சாதுவான பறவை அப்போது கிடையாது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

காட்டில் காசு பணம் ஏது? உடல் உழைப்புதான் எல்லாம். யானையின் தும்பிக்கை, பன்றியின் மூக்கு, கரையானின் வாய். வருகிற வருஷம் இவற்றை எந்தெந்த வேலைக்குச் செலவு செய்வது என்று கோடையிலேயே திட்டம் போட்டாக வேண்டும். ஒவ்வொருவரும் தம் தேவையை முள்ளம்பன்றியிடம் சொல்வார்கள். அது கூட்டிக் கழித்துச் சபைக்குக் கொண்டுவரும். சபை ஒத்துக்கொண்டுவிட்டால் அவ்வளவுதான், அடுத்த கோடை வரை தலைவர் யானையே நினைத்தாலும் மாற்ற முடியாது.

அந்த வருஷம் ஆள்காட்டி, "ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கு. அதுக்குக் கீழேதான் என் வீட்டுக்காரி அடைகாக்குறா. கரைக்கு மண் போடணும்" என்று கேட்டிருந்தது. முள்ளம்பன்றியும் சேர்த்துக்கொண்டது. ஆனால் எல்லோரும் கேட்டதைக் கூட்டிப் பார்த்தால், காட்டில் இருக்கிற உழைப்பைப் போல் இரண்டு பங்கு வந்தது. வெட்டத்தான் வேண்டும். மான்களுக்குப் புல்வெளி, குரங்குகளுக்குப் பழமரம் என்று கூட்டம் பெரிதாக இருந்த பக்கம் கை வைக்க முடியவில்லை. ஏரிக்கரை வேலைதான் வெட்டுப்பட்டது.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. சபைக்கு முதல் நாள் ஆள்காட்டியைத் தேடி வந்தது.

"உன் வேலையை எடுத்துட்டேன்பா. நாளைக்கு வாசிச்சு முடிச்சதும் தலைவர் மறுப்பு உண்டான்னு கேப்பார். நீ ஒரு குரல் கொடு போதும், திரும்பப் பேசித்தான் ஆகணும். நானும் உனக்காகப் பேசுறேன்."

மறுநாள் வாசித்தார்கள், வாசித்தார்கள், வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் நல்ல பசி. ஒருவழியாக யானை கேட்டது, "யாருக்காவது மறுப்பு உண்டா?"

ஆள்காட்டி கழுத்தை நீட்டியது. பக்கத்தில் இருந்த மயில், "யாரும் வாயைத் திறந்துடாதீங்கப்பா, குஞ்சுங்க பட்டினியா கிடக்கு" என்று முணுமுணுத்தது. இத்தனை பேரைக் காக்க வைப்பதா என்று கூச்சப்பட்டு, பாவி, நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. யானை தும்பிக்கையால் தரையைத் தட்டியது. திட்டம் நிறைவேறிவிட்டது.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"எல்லாரும் பசியில இருந்தாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் முட்டைகளைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

முதல் பெருமழையிலேயே கரை உடைந்தது. பறக்கத் தெரிந்ததால் இருவரும் தப்பினார்கள். முட்டைக்கு ஏது சிறகு? வெள்ளம் வடிந்த சேற்றில் ஆள்காட்டி தேடித் தேடிப் பார்த்தது. ஓடுகூடக் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே யானையிடம் போய் நின்றது. யானைக்கும் கண் கலங்கிவிட்டது.

"நான் கேட்டேனேப்பா" என்றது யானை.



அன்றிலிருந்துதான் ஆள்காட்டிக் குருவி, யார் காலடி கேட்டாலும், இரவென்று பார்க்காமல் பகலென்று பார்க்காமல் கத்தித் தீர்க்கிறது. காப்பாற்ற ஒரு முட்டைகூட இல்லாத மாதங்களிலும் கத்துகிறது.