கியர் விழுந்த சத்தம்

"ரிவர்ஸ் போட்டாலே பல்லைக் கடிக்குது. கிளட்ச்சை முழுசா மிதிச்சுத்தான் போடறேன்" என்றாள் தமயந்தி.

இறந்துபோன கணவரின் பழைய மாரிஸ் மைனர் கார் அது. இன்னொரு பல் உடைந்தால் கியர்பாக்ஸுக்கு மாற்றுச் சாமான் கிடைக்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இந்த வண்டி எதற்கு, தன்னிடம் கொடுத்துவிடட்டும் என்று கொழுந்தன் கனகசபை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அன்றிலிருந்து சாவி அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

கோத்தகிரியில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஸ்டெல்லா அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். பேச்சும் குறைவு. தமயந்தி சொன்னதைக் கேட்டுவிட்டு, எழுந்துபோய்த் தன் அலுவலக அறையின் மேசை விசிறியை அணைத்தாள்.

"கையை உள்ளே விடுங்கக்கா."

"விரல் போயிடும்."

"அணைச்சுட்டேனே?"

"இன்னும் சுத்துதே."

இறக்கை ஓயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளட்ச்சை மிதித்த பிறகும் கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரம் கொஞ்சம் சுற்றும், இரண்டாவது கியரைத் தொட்டுவிட்டு வந்தால் அடங்கும், அதற்கும் முதலில் வண்டி அசையாமல் நிற்க வேண்டும் என்றாள் ஸ்டெல்லா.

தமயந்திக்குக் கோபம் வந்தது.

"நிக்க விட்டாத்தானே? முன்னாலயும் பின்னாலயும் ஹார்ன் அடிச்சே கொல்றானுங்க."

"யாரு ஓட்டறது?"

தமயந்தி எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, தேயிலைத் தோட்டத்துக் குறுகலான பாதையில் கனகசபையின் ஜீப் எதிரே வந்தது. ஒதுங்கும் இடம் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது.

அவன் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எப்போதும் ஹார்ன் சத்தம் கேட்டாலே அவசரப்படுவாள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே கியரைப் பிடித்து இழுப்பாள்.

இன்றைக்கு வண்டியை நிறுத்தினாள். கிளட்ச்சை மிதித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கனகசபை இறங்கி வந்து அவளுடைய ஜன்னலில் கையை ஊன்றினான்.

"ரிவர்ஸ் போடத் தெரியலைன்னா இறங்குங்க அண்ணி. நான் எடுக்கறேன். எல்லாரும் பார்க்கறாங்க."

பார்க்கட்டும் என்று இருந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வியர்வை கழுத்தில் இறங்கியது. அப்போதும் அவள் அவசரப்படவில்லை.

பிறகு இரண்டாவது கியரை லேசாகத் தொட்டாள். அங்கிருந்து ரிவர்ஸுக்குப் போனாள்.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கியர் விழுந்தது. யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"கையை எடு, தம்பி" என்றாள்.